டவுன்ஷிப்பில் வீடு வாங்கியவர்கள் அனுபவம்: நிலம், ரோடு, மார்ச் மாதக் கூட்டம்

தொடங்கியவர் – ஓல்ம்ஸ்டெட் கவுண்டி, மினசோட்டா

ராச்செஸ்டரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இப்போது நகரத்துக்கு வெளியே இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று இடம் பார்க்கிறார்கள். கூரை எத்தனை வருடம் ஆச்சு, ஃபர்னேஸ் எப்போது மாற்றினார்கள் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அந்த வீடு எந்த டவுன்ஷிப்பில் வருகிறது, அங்கே ரோட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வரித் தொகையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி; அதற்குள், நகர எல்லைக்கு வெளியே இருக்கும் சிறிய உள்ளாட்சிப் பகுதிதான் இங்கே டவுன்ஷிப். நாங்கள் டவுன்ஷிப்புக்குக் குடிவந்து சில வருடம் ஆகிறது. பார்த்ததை எழுதுகிறேன். மற்ற மாநிலத்தில் இருப்பவர்களும் எழுதுங்கள், புதிதாக வாங்குபவர்களுக்கு உதவும்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் மாமனார். தஞ்சாவூர்ப் பக்கம் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பிரசவத்துக்காகக் குளிர்காலத்திலேயே வந்துவிட்டார். வெளியே பனி, எங்கும் போக முடியாது. வீட்டில் கிடந்த பிளாட் புக்கை ஒருநாள் கையில் எடுத்தார். கவுண்டி முழுக்க எந்த நிலம் யாருடையது, எத்தனை ஏக்கர் என்று வரைபடமாகப் போட்டிருக்கும் புத்தகம் அது. எங்கள் டவுன்ஷிப் பக்கத்தை விரித்து, விரலால் கோடு பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மாப்ள, இதுல ஊரு எங்க இருக்கு?" கொஞ்சம் கழித்து, "புறம்போக்கே காணுமே?"

இரண்டுமே சரியான கேள்வி. ஆறு மைலுக்கு ஆறு மைல், ஆக 36 சதுர மைல் பரப்பு. அதற்குள் நத்தம் என்று ஓர் இடம் கிடையாது. தெரு இல்லை, கடை இல்லை, மந்தைவெளி இல்லை. வீடுகள் அவரவர் சோளக்காட்டுக்கு நடுவே தனித்தனியாக நிற்கின்றன. தபால் முகவரிகூட பக்கத்து நகரத்தின் பெயரில்தான் வரும். ரோட்டுக்கு விட்ட இடம் போக, எங்கள் பக்கத்தில் மற்றதெல்லாம் பட்டா நிலம் மாதிரிதான்.

இப்படி ஆனதற்கு 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் காரணம். குடியேறிகளுக்கு விற்பதற்கு வசதியாக நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக வெட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சதுர மைல் கொண்ட 36 செக்‌ஷன்களாகப் பிரி என்றது அது. ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். எண் போடுவது வடகிழக்கு மூலையில் தொடங்கும். மேற்கே போய் 6 வந்ததும், ஏர் திரும்புகிற மாதிரி அடுத்த வரிசையில் 7 கிழக்கு நோக்கி ஓடும். கடைசியில் தென்கிழக்கு மூலையில் 36. மினசோட்டாவில் 16ஆம் 36ஆம் செக்‌ஷன்களைப் பள்ளிகளுக்கென்று ஒதுக்கினார்கள். அவற்றை விற்ற பணத்தில் தொடங்கிய பள்ளி நிதி இன்றைக்கும் மாநிலத்தில் இருக்கிறது. இந்தக் கோடுகள் இங்கே விழுந்தது 1851இல் டக்கோட்டா மக்களிடமிருந்து தெற்கு மினசோட்டாவை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்ட பிறகு. அந்த நிலத்தில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செக்‌ஷன் ஓரமாகப் போகும் ரோடுகளுக்கு விட்டிருக்கும் அகலம் பெரும்பாலும் 66 அடி என்று சொன்னேன். மாமா சட்டென்று நிமிர்ந்தார். "ஒரு செயின்." நூறு லிங்க் கொண்ட அதே சர்வே சங்கிலிதான் சென்னை மாகாணத்து நிலங்களையும் அளந்தது. ஆயிரம் சதுர லிங்க் ஒரு செண்ட். சர்வீஸ் முழுக்க எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் புத்தகத்தில் லிங்க் கணக்குப் பார்த்தவருக்கு அதற்குமேல் என் விளக்கம் தேவைப்படவில்லை. அவரே இன்னொன்றும் கண்டுபிடித்தார். மேற்கு ஓரத்துச் செக்‌ஷன்களில் நாற்பது ஏக்கர் இருக்க வேண்டிய துண்டுகள் சில முப்பத்தேழுக்குள் அடங்கியிருந்தன. பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கும். சதுரம் சரியாகப் பொருந்தாது. அந்தக் குறைநிறையை டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரத்தில் தள்ளிவிட வேண்டும் என்பது அளவையாளர்களுக்கு விதி. அந்த ஓரங்களில் இடம் வாங்குகிறவர்கள் "ஃபார்ட்டி" என்ற பேச்சை நம்பாமல் பத்திரத்து ஏக்கரைப் பாருங்கள்.

மேலே கோடு நேராக இருக்கிறது. கீழே நிலம் அப்படி இல்லை. தென்கிழக்கு மினசோட்டா முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே பொந்தும் விரிசலுமாக வைத்திருக்கிறது. சில வயல்களுக்கு நடுவே திடீரென்று ஒரு மரக்கூட்டம் தெரியும். கிட்டே போனால் புனல் மாதிரி இறங்கும் பள்ளம். அதுதான் சிங்க்ஹோல். டிராக்டர் சுற்றிக்கொண்டு போகும். அதில் விழும் தண்ணீர், மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே நிலத்தடிக்குப் போய்விடும். இந்தப் பாறைகளுக்கு இடையில் டெக்கோரா என்ற களிப்பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே இறங்க முடியாமல் மலைச்சரிவின் பாதியிலேயே ஊற்றாகக் கசியும். அங்கே உள்ள ஈர நிலத்துச் செடிகொடிகள்தான் அந்த நீரில் இருக்கும் நைட்ரேட்டைக் கணிசமாகக் குறைத்து, ஆழத்து நீரோடு சேரவிடுகின்றன. சரிவில் ஈரமாக இருக்கிறதே, நிரவிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

குழந்தை உள்ள வீடுகளுக்கு இது உயிர் விஷயம். நகரத்தில் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பது நகராட்சி வேலை. டவுன்ஷிப்பில் உங்கள் போர்வெல்லுக்கு நீங்களே பொறுப்பு. சோளத்துக்குப் போடும் உரம், மாட்டுச் சாணம், செப்டிக் எல்லாவற்றிலிருந்தும் நைட்ரேட் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு. 2023இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை, ஓல்ம்ஸ்டெட் உள்ளிட்ட எட்டு தென்கிழக்குக் கவுண்டிகளில் இதற்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலத்துக்குக் கடிதமே எழுதியது. எங்கள் கிணறு வரம்பை நெருங்கி இருந்தது. பிரசவத்துக்கு முன்பே சமையலறையில் ஆர்.ஓ. வைத்துவிட்டோம். "கொதிக்க வெச்சா போயிடாதா?" என்று மாமியார் கேட்டார். போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் நைட்ரேட் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கவே கூடாது.

இனி நிர்வாகம். மூன்று சூப்பர்வைசர், ஒரு கிளர்க், ஒரு ட்ரெஷரர். பெரும்பாலான டவுன்ஷிப்பில் அவ்வளவுதான், சிலவற்றில் ஐந்து சூப்பர்வைசர் உண்டு. எல்லாரும் அக்கம்பக்கத்துக்காரர்கள், வேறு தொழில் பார்ப்பவர்கள். அவர்கள் பார்ப்பது ரோடு, பாலம், தீயணைப்புக்குப் பக்கத்து நகரத்தோடு ஒப்பந்தம், களை. ஆமாம், சட்டப்படி சூப்பர்வைசர்கள்தான் களை ஆய்வாளர்கள். எங்கள் ரோட்டோரத்தில் வைல்ட் பார்ஸ்னிப் என்ற மஞ்சள் பூச்செடி முளைக்கும். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்பளித்துவிடும். அது எங்கள் இடத்துப் பள்ளத்தில் இருந்தபோது சூப்பர்வைசரே வண்டியை நிறுத்தி, எதைத் தொடக்கூடாது, எப்போது வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். வேலித் தகராறு வந்தாலும் அவர்களே வந்து பார்ப்பார்கள்.

வரி எவ்வளவு என்பதை மட்டும் அவர்களாக முடிவு செய்ய முடியாது. மார்ச் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஆண்டுக் கூட்டம். மினசோட்டாவில் உள்ள ஏறத்தாழ 1,780 டவுன்ஷிப்பிலும் அன்றுதான். நான் குடியுரிமை வாங்கியபின் வந்த முதல் கூட்டம். மாமாவும் வருகிறேன் என்றார். பனிச்சேற்றில் வண்டிகள், உள்ளே மடக்கு நாற்காலி, காபி. இருபது பேர் இருந்தாலே அதிகம். கிளர்க் தொடங்கிவைத்தார். முதல் வேலை, கூட்டத்தை நடத்த வந்திருப்பவர்களிலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. சூப்பர்வைசர்கள் எங்களோடு கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். போன வருடத்துக் கூட்டக் குறிப்பை முழுக்க வாசித்தார்கள். பிறகு பொது நிதி, ரோடு நிதி, தீயணைப்பு நிதி என்று ஒவ்வொன்றாக எடுத்து, அடுத்த வருடத்துக்கு எவ்வளவு என்று பேச்சு. ரோடு நிதியைக் கூட்ட வேண்டும் என்று ஒரு விவசாயி முன்மொழிந்தார். கிராவல் விலை ஏறிவிட்டது, தன் வீட்டுமுன் ரோடு அலை அலையாகக் கிடக்கிறது, பால் லாரி வரமுடியவில்லை என்றார். வயதான அம்மா ஒருவர் எழுந்து, தன்னுடைய வருமானம் ஏறவில்லையே என்றார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள். கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு கை வித்தியாசத்தில் நிறைவேறியது. அதில் ஒன்று என் கை. அங்கே முடிவான தொகையை சூப்பர்வைசர்கள் குறைத்துக்கொள்ளலாம், கூட்ட முடியாது. வரியைக் கவுண்டி வசூலித்துக் கொடுக்கும்.

வண்டியில் மாமா ரொம்ப நேரம் அதையே பேசிக்கொண்டு வந்தார். அவர் சர்வீஸில் கிராம சபை வருடத்துக்கு நான்கு நாள், இப்போது ஆறு நாள். வரவு செலவு வைப்பார்கள், பயனாளிகள் பட்டியல் வைப்பார்கள், தீர்மானம் போடுவார்கள். ஆனால் வரி எவ்வளவு என்று அங்கே கூடியவர்கள் கைதூக்கி முடிவு செய்வது கிடையாது. "காசு எவ்வளவுங்கறதையே ஜனங்க கையில குடுத்துட்டான் பாருங்க" என்றார். இருபது பேர் வந்த கூட்டத்தில் இரண்டு கையில் முடிவாகிறது. வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வரி. அதனால்தான் சொல்கிறேன், டவுன்ஷிப்பில் வீடு வாங்கினால் அந்த ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிவையுங்கள்.

மறுமொழி – யூனியன் கவுண்டி, ஓஹாயோ

நல்ல பதிவு அண்ணா. எங்கள் பக்கம் சதுரமே கிடையாது. சயோட்டோ ஆற்றுக்கு மேற்கே வர்ஜீனியா ராணுவ வீரர்களுக்கு ஒதுக்கிய நிலம், அதனால் மரம், ஓடை, கல் என்று அடையாளம் வைத்து அளந்திருக்கிறார்கள். ரோடெல்லாம் கோணல்மாணலாகப் போகும்.

ஓஹாயோவில் மூன்று ட்ரஸ்டி, ஒரு ஃபிஸ்கல் ஆஃபீசர். உங்கள் மாதிரி மார்ச் கூட்டம் இல்லை, கூடுதல் வரி வேண்டுமென்றால் பெரும்பாலும் வாக்குச்சீட்டில் வரும். இங்கே பெரிய சண்டை ஜோனிங்தான், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதி. கொலம்பஸ் எங்களை நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சோயா வயலைக் குடியிருப்பாக மாற்ற ட்ரஸ்டிகள் ஒப்புதல் கொடுத்த அடுத்த வாரம், ஒரு பெரியவர் கிளிப்போர்டோடு கதவைத் தட்டினார். முடிவு வந்த முப்பது நாளுக்குள் போதுமான கையெழுத்து சேர்ந்தால் அதை மக்கள் வாக்குக்கு விட வேண்டும் என்பது இங்கே சட்டம். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், வீடு வீடாக நடந்தே வந்திருந்தார். நானும் என் மனைவியும் உட்காரவைத்து டீ கொடுத்து, வரைபடத்தை மேஜையில் விரித்துக் கேட்டோம். தண்ணீர் எங்கே வடியும், பள்ளி வேன் எந்த ரோட்டில் திரும்பும் என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டோம். நாங்களே போன தலைமுறைச் சோள வயலில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம் என்பதும் மனதில் இருந்தது, அதையும் அவரிடம் சொன்னேன். "அதனால்தான் உங்களுக்குத் தெரியும்" என்றார்.

மறுமொழி – எடிசன், நியூ ஜெர்சி

ஒரு விளக்கம் மட்டும். இங்கே டவுன்ஷிப் என்றால் கிராமம் என்று நினைத்துவிடாதீர்கள். எடிசனும் டவுன்ஷிப்தான், மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல். 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப் என்று பெயர். மேயர், கவுன்சில், சொந்தப் போலீஸ் எல்லாம் உண்டு. மினசோட்டாவில் படித்ததை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

மறுமொழி – ராச்செஸ்டர், மினசோட்டா

அண்ணா, நாங்கள் இப்போது ஓர் இடம் பார்த்திருக்கிறோம், ஐந்து ஏக்கர். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, வரிசையில் இருக்கிறோம். நாங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகலாமா? இன்னொன்று, வசந்த காலத்தில் லாரி வராது என்கிறார்களே, உண்மையா?

தொடங்கியவர்

தாராளமாகப் போகலாம் தம்பி. யாரும் தடுக்கமாட்டார்கள். ஓட்டு மட்டும் அந்த டவுன்ஷிப்பின் வாக்காளர்களுக்குத்தான், அதற்குக் குடியுரிமை வேண்டும். பேச விரும்பினால் நடத்துகிறவரிடம் அனுமதி கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் மாமாவிடமே, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். மாதக் கூட்டங்களும் எல்லாருக்கும் திறந்தவைதான். வரி கட்டுவது நீங்கள், ரோட்டில் போவது உங்கள் பிள்ளை. தயங்காதீர்கள்.

லாரி விஷயம் உண்மை. உறைந்த மண் இளகும்போது கிராவல் ரோடு அடியில் குழைந்துவிடும். வேறு எடை வரம்பு சொல்லிப் பலகை வைக்காவிட்டால் ஓர் அச்சுக்கு 5 டன்தான். எங்கள் கார் ஷெட்டுக்குக் கான்கிரீட் லாரி சொல்லியிருந்தோம். முந்தின நாள் சூப்பர்வைசர் ஃபோன் செய்து, தடை நீங்கும்வரை பொறுங்கள் என்றார், பொறுத்தோம். வீடு மாறுவதாக இருந்தால் பொதுவாக மார்ச் நடுவிலிருந்து மே வரை கனமான லாரி எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் புரொபேன் கேஸை அதற்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

விற்பவரிடம் சொத்துவரிச் சீட்டைக் கேளுங்கள், டவுன்ஷிப்பின் பெயரும் அதற்குப் போகும் தொகையும் தனி வரியில் இருக்கும். அந்தப் பெயரை வைத்து கிளர்க்கைக் கூப்பிட்டு, அந்த ரோடு டவுன்ஷிப்புடையதா கவுண்டியுடையதா, நகரம் அந்தப் பக்கம் விரிவதற்கு ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் சிங்க்ஹோல் இருக்கிறதா என்று கவுண்டியில் விசாரியுங்கள். உங்களுக்குக் கைக்குழந்தை இருப்பதாகப் போன தீபாவளியில் சொன்ன ஞாபகம். கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்ற புதிய சோதனை முடிவு கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.