பவர் 650, வட்ட முகம், செம்பனைக் காட்டு வேலை – எந்த ஃபிரேம் எடுக்கலாம்?

சிப்புட்_கிராணி

வணக்கம். கண்ணாடி மாத்தணும். வலது -6.50 (650 பவர்னு சொல்றது), இடது -5.75. இந்தத் தடவை கிட்டப் படிக்க +1.25 சேர்த்து எழுதியிருக்காங்க. ரெண்டு கண்மணிக்கும் இடையில 62 மி.மீ. வயசு 44. காலையில செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுல மோட்டார்சைக்கிள் ஓட்டணும், வெயில் ஏறினா ஆபிஸ்ல கம்ப்யூட்டரும் செக்ரோலும் (ஆளுங்க வருகை, சம்பளப் பதிவேடு). வட்ட முகம், மூக்குத் தண்டு உயரம். சுங்கை சிப்புட்ல (மலேசியா, பேராக்) பார்த்த ஒரு கடையில 54 சைஸ் பெரிய சதுர ஃபிரேம் காட்டுறாங்க. லென்ஸ் தடிக்காதா என்றால் "மெல்லிசு லென்ஸ் போட்டுக்கலாம்"ங்கிறாங்க. எடுக்கலாமா? இப்போ இருக்கிறது வேர்வையில வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துடுது. அதுக்கும் வழி சொல்லுங்க.

லென்ஸ்_வெட்டி

எடுக்காதீங்க அண்ணே. மெல்லிசு லென்ஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஃபிரேம் கையின் உள்பக்கம் 54-17-140 என்கிற மாதிரி மூன்று எண் இருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கையின் நீளம், எல்லாம் மி.மீ. முதல் இரண்டையும் கூட்டினால் 71. உங்கள் கண் இடைவெளி 62. மீதி 9. அதாவது ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4.5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளித்தான் வெட்ட முடியும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிசு, ஓரம் போகப் போகத் தடிப்பு. மையம் மூக்குப் பக்கம் போகப் போக, காதுப் பக்கம் அந்தத் தடித்த ஓரம் அப்படியே மிஞ்சும்.

வலது கண்ணுக்குத் தோராயமாகப் போட்டால், 54 ஃபிரேமில் சாதாரண 1.50 லென்ஸ் (இது ஒளியை வளைக்கும் திறனின் எண், கூடக் கூட லென்ஸ் மெலியும்) காதுப் பக்கம் 8 மி.மீ. தடிப்புக்கு மேல் வரும். அதே ஃபிரேமில் விலை கூடிய 1.67 போட்டால் 6. இப்போது 46-20 ஃபிரேம் எடுங்கள். கூட்டினால் 66, தள்ள வேண்டியது 2 மி.மீ.தான். அதில் சாதாரண 1.50 போட்டாலே 6! பெரிய ஃபிரேமில் காசு கொட்டி வாங்குகிற மெலிசு, சின்ன ஃபிரேமில் சும்மா கிடைக்கிறது. 46-இல் 1.60 போட்டால் 5-க்குக் கொஞ்சம் கீழே வரும். 1.67-க்குப் போனால் இன்னும் அரை மி.மீ. குறையும், அவ்வளவுதான். அதில் நிறச்சிதறலும் கூட. ஓரமாகப் பார்க்கும்போது எழுத்தைச் சுற்றி நீலம், ஆரஞ்சு விளிம்பு தெரியும். கணக்குப் பார்க்கிறவருக்கு 1.60 போதும் என்பது என் கருத்து.

பாதி ஃபிரேம், ரிம்லெஸ் (விளிம்பே இல்லாதது) இரண்டும் உங்கள் பவருக்கு வேண்டாம். ஓரத் தடிப்பு வெளியே தெரியும். மெல்லிய கம்பி ஃபிரேமிலும் ஒன்று கவனியுங்கள்: காதுப் பக்கம் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் லென்ஸ், கையை மடக்கவிடாமல் முட்டும். கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த விளிம்பைச் சாய்த்துத் தேய்த்துக் கொடுப்பார்.

நெத்திப்பொட்டு

முகத்தைப் பற்றி நான் சொல்றேன். வட்ட முகத்துக்கு வட்ட ஃபிரேம் கூடாது, சதுரம் போடுன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா வடிவத்தை விட அகலம்தான் முக்கியம். ஃபிரேமோட மொத்த அகலம் உங்க கன்னப்பொட்டோட அகலத்துக்குச் சரியா இருக்கணும். 46 லென்ஸ்னா சின்னதாத் தெரியுமேன்னு பயப்படாதீங்க. லென்ஸ் சின்னது, ஆனா கீல் இருக்கிற மூலை வெளியே நீண்டு வர்ற ஃபிரேம் கிடைக்கும். மேல் விளிம்பு கிட்டத்தட்ட நேரா, கீழே வளைவா இருக்கிறதைக் கேளுங்க. மேல் கோடு புருவத்தை ஒட்டிப் போகணும், புருவத்தை மூடக்கூடாது. போட்டுக்கிட்டு நல்லா சிரிச்சுப் பாருங்க. கன்னம் தள்ளி ஃபிரேம் மேலே ஏறினா அது வேண்டாம்.

இன்னொன்னு. நம்ம ஊர்க் கடைகள்ல நிறைய, தட்டை மூக்குக்குச் செஞ்ச ஃபிரேம். உயரமான மூக்குல அது மேலே ஏறி நிக்கும், கண்மணி லென்ஸுக்கு நடுவுல வராம கீழே தங்கிடும். டிஆர்90 பிளாஸ்டிக் எடை கம்மி. ஆனா மூக்குப் பகுதி அச்சுலயே வந்தது, வளைக்க முடியாது. உங்களுக்கு சிலிக்கோன் மூக்குப் பேட் வச்ச டைட்டானியம் ஃபிரேம்தான் சரி. மலிவு மெட்டல்ல செம்பு கலந்திருக்கும், வேர்வை பட்டா பேட் பச்சையாயிடும். நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு மூக்குல கருப்பா அரிப்பு வரும்.

அல்லன்கீ

வழுக்குவது பற்றி. இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். முன்பகுதி முகத்தை விடக் குறுகலாக இருந்தால், கைகள் பொட்டில் விரிந்து ஃபிரேமை முன்னால் தள்ளும். எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கை வளைகிற இடம் காதின் உச்சியில் சரியாக விழ வேண்டும். அது பின்னால் தள்ளி இருந்தாலும் இதே கதைதான். கடைக்காரரிடம் வளைவை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நாள்பட்ட சிலிக்கோன் கெட்டியாகிப் பிடிப்பை இழந்துவிடும்.

கண்ணாடி 4 மி.மீ. முன்னால் வந்தாலே உங்கள் 650, சுமார் 633 மாதிரி வேலை செய்யும். அதனால்தான் மேலே தள்ளிவிட்டதும் பளிச்சென்று தெரிகிறது.

ஹெல்மெட் போடுபவர் என்பதால் கை மெல்லியதாக, நேராக இருக்கட்டும். தடித்த கை ஹெல்மெட் பஞ்சில் அழுந்தி வலிக்கும். மோட்டார் பெட்டியிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ கண்ணாடியை வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் ஒரு அளவு விரியும், மேலே உள்ள பூச்சு வேறு அளவு விரியும். வறண்ட குளம் மாதிரி வெடிப்பு விழுந்துவிடும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. தூசியோடு சட்டையில் துடைப்பதும் கூடாது, முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சிப்புட்_கிராணி

ரொம்ப நன்றி. அப்போ +1.25? புரோகிரசிவ் (தூரம், கிட்டம் ரெண்டும் ஒரே லென்ஸ்ல) போடுங்கன்னு சொல்றாங்க. சின்ன ஃபிரேம்ல அது சரியா வருமா? ஆன்லைன்ல வாங்கினா பாதி விலை வேற.

லென்ஸ்_வெட்டி

வரும். புரோகிரசிவுக்கு லென்ஸின் அகலத்தை விட உயரம்தான் கணக்கு. கண்மணியிலிருந்து கீழ் விளிம்பு வரை 18 மி.மீ. இருந்தால் வசதி. குட்டை வகைக்கு 14-உம் போதும், ஆனால் படிக்கும் பகுதி ஒடுங்கும். நெத்திப்பொட்டு சொன்ன வடிவத்தில் உயரம் 38, 40 இருக்கும், உங்களுக்கு 20-க்கு மேல் கிடைத்துவிடும். 28 உயரமுள்ள ஒல்லியான செவ்வக ஃபிரேம் எடுத்தால்தான் சிக்கல்.

இந்தப் பவருக்கு ஆன்லைன் வேண்டாம். நீங்கள் தேர்ந்த ஃபிரேமை மாட்டி, வளைவெல்லாம் சரிசெய்த *பிறகு*, கடைக்காரர் உங்கள் கண் மட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து, டம்மி லென்ஸில் (ஃபிரேமோடு வரும் பவர் இல்லாத பிளாஸ்டிக்) ஒவ்வொரு கண்மணிக்கும் நேரே மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். 62 என்றால் பாதி பாதி 31 என்று இல்லை, ஒருவருக்கு 30.5, 31.5 என்று இருக்கலாம். 650 பவரில் மையம் 3 மி.மீ. பிசகினால் ஏறத்தாழ 2 ப்ரிசம் (பார்க்கும் பொருள் இடம் விலகித் தெரிவதன் அளவு) விழும். தலைவலிக்கு அது போதும். புள்ளி வைக்காமலே ஆர்டர் எழுதுகிற கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 1991 அக்தா ஒப்டிக்படி (மலேசியாவின் கண்ணாடித் தொழில் சட்டம்) பதிவு பெற்றவர்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோகிரசிவ் போட்ட புதிதில் கீழே பார்த்தால் தரை மங்கும். வாய்க்கால் பலகையைத் தாண்டும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் தலையைக் குனிந்து பாருங்கள். பழகும் வரை காட்டுக்குப் பழைய கண்ணாடியே போகட்டும். ஆபிஸ் திரைக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டுமென்றால் வலது -5.75, இடது -5.00 அளவில் சாதாரண லென்ஸ் போட்டுக்கொள்ளலாம். திரை எவ்வளவு தூரம் என்று அளந்து போய்ச் சொல்லுங்கள், அவர் சரிபார்ப்பார்.

நெத்திப்பொட்டு

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தா ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறி இறங்கினா பவரும் ஆடும். அது சில வாரம் சீரா நின்ன பிறகு கண்ணை மறுபடி அளந்துட்டு ஆர்டர் கொடுங்க.