விரல் காயம்: டாக்டர் விடுவதற்கு முன்பே வேலைக்கு வரச் சொல்கிறார்கள், போகலாமா?

பிரஸ்_ஷாப்_ஆள் (2023 ஜூன் 4)

ஆறு வருடமாக பவர் பிரஸ் (தகட்டை அமுக்கி வடிவம் வெட்டும் மெஷின்) ஓட்டுகிறேன். மே 9, இரண்டாவது ஷிப்ட். டையில் (அச்சில்) மாட்டிய தகட்டை எடுக்கக் கை விட்டேன், வலது ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது. இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தோம். டார்கெட் அப்படி. அதற்காகத் திட்டாதீர்கள், வீட்டிலேயே நிறைய வாங்கிவிட்டேன்.

சம்பளம் 18,000. ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டு. டிஸ்பென்சரி டாக்டர் இன்னும் லீவு சர்டிபிகேட்தான் தருகிறார். தையல் போட்ட இடம் காய்ந்துவிட்டது, ஆனால் பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. இதற்குள் சூப்பர்வைசர் தினமும் போன் செய்கிறார். "சும்மா வந்து ஸ்டோரில் உட்கார், லைட் வேலைதான், கையெழுத்துப் போட்டால் முழுச் சம்பளம்" என்றார். முடியாது என்றதும் பேச்சு மாறிவிட்டது. "பட்டனை ஒட்டியது நீ, தப்பு உன் மேல். ஈ.எஸ்.ஐ-யில் ஒன்றும் கிடைக்காது, வேலையும் இருக்காது" என்கிறார்.

போகலாமா? போனால் விரலுக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடுமா?

ரிட்டயர்டு_டைம்_ஆபீஸ்

தம்பி, போகாதே. முப்பது வருடம் வருகைப் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

ஈ.எஸ்.ஐ சர்டிபிகேட்டில் இரண்டே நிலைதான். வேலைக்குப் போகக் கூடாது, இல்லை போகலாம். நடுவில் 'லைட் வேலை' என்று ஒன்று கிடையாது. வேலையில் பட்ட காயத்துக்குச் சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் தருவார்கள், உனக்கு நாளுக்கு 540 ரூபாய் பக்கம் வரும். ஆனால் வேலை செய்து கூலி வாங்கிய நாளுக்கு அது கிடையாது, ஈ.எஸ்.ஐ சட்டம் 63-ஆவது பிரிவு. நீ ஸ்டோரில் கையெழுத்தும் போட்டுவிட்டு இங்கே பணமும் கேட்டால், பொய்த் தகவல் கொடுத்த குற்றம் உன் தலையில் விழும். அதே சட்டம் 84-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம். அப்போது சூப்பர்வைசர் கூட வரமாட்டார்.

வேலையை விட்டு எடுப்பார்களா என்றால், 73-ஆவது பிரிவைப் படி. இந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்தால் செல்லாது. தொடர்ந்து ஆறு மாதம் ஆகிவிட்டால் மட்டும் விதிமுறை அவர்களுக்கு வழி விடுகிறது. உனக்கு இன்னும் ஒரு மாதமே ஆகவில்லை.

அந்த டேப் விஷயம். விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் தொழிலுக்காகச் செய்தபோது அடிபட்டிருந்தால் அது வேலை விபத்துதான் என்கிறது அதே சட்டத்தின் 51பி பிரிவு. டார்கெட் உன் வீட்டுக்கா வைத்தாய்?

நீ முதலில் பார்க்க வேண்டியது வேறு. படிவம் 12, அதாவது விபத்து அறிக்கை, அனுப்பினார்களா? என்ன தேதி போட்டிருக்கிறார்கள்? அடிபட்டவர் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனாலே தொழிற்சாலை ஆய்வாளருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அதற்குப் பயந்துதான் பல இடங்களில் கட்டோடு ஆளை வரவழைத்து ஓரமாக உட்கார வைப்பார்கள். நானே அப்படி ஆட்களுக்குப் பதிவேட்டில் 'வந்தார்' என்று போட்டிருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

சட்டம்_தெரிஞ்சவன்

எதற்கு இவ்வளவு? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி விரல் போனவரை வேலையிலிருந்து எடுக்கவே முடியாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தந்தே ஆக வேண்டும்.

ரிட்டயர்டு_டைம்_ஆபீஸ்

சார், அந்தச் சட்டத்தின் 20(4) பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். இவர் வேலை பார்ப்பது தனியார் பிரஸ் ஷாப். அதை நம்பி இவர் சண்டைக்குப் போனால் மாட்டிக்கொள்வார்.

நடுவிரல்

என் பெயரே பதில். இடது நடுவிரல் முழுதும் போய் எட்டு வருடம் ஆகிறது. மெடிக்கல் போர்டில் (ஊனத்தை மதிப்பிடும் டாக்டர் குழு) சம்பாதிக்கும் திறனில் 12 சதவீதம் இழப்பு என்று போட்டார்கள். மாதாமாதம் பணம் வருகிறது, அதே கம்பெனியில் முழுச் சம்பளத்துக்கு வேலையும் பார்க்கிறேன். நிரந்தர ஊனத்துக்குத் தரும் பணம் வேலைக்குப் போனால் நிற்காது அண்ணே. நிற்பது லீவில் இருக்கும்போது தரும் 90 சதவீதம் மட்டும்.

ஆள்காட்டி விரலுக்கு ஈ.எஸ்.ஐ சட்ட அட்டவணையில் சதவீதம் இப்படி இருக்கிறது: முழு விரல் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. அதனால் முதல் நாள் எக்ஸ்ரேவைப் பத்திரமாக வையுங்கள். எலும்பு போனதா இல்லையா என்பதில்தான் 9-க்கும் 5-க்கும் வித்தியாசம். 9 என்றால் 540-இல் 9 சதவீதம், நாளுக்கு 48 ரூபாய் சொச்சம், மாதம் 1,450 பக்கம். சின்னத் தொகைதான், ஆனால் ஆயுசுக்கும் வரும். போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடும் உண்டு.

இன்னொன்று. திரும்பிப் போன முதல் வாரம் பிரஸ் 'டம்'மென்று இறங்கும்போதெல்லாம் என் கை தானாகப் பின்னால் போகும். அது அடங்க ஒரு மாதம் ஆனது. அதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டேன், நீங்கள் வெட்கப்படாதீர்கள்.

பிரஸ்_ஷாப்_ஆள் (ஜூன் 19)

எல்லாருக்கும் நன்றி. டைம் ஆபீஸ் ஐயா சொன்னபடி ஈ.எஸ்.ஐ கிளை அலுவலகம் போய்க் கேட்டேன். அறிக்கை வந்திருக்கிறது, ஆனால் விபத்து நாள் மே 11 என்று போட்டிருக்கிறார்கள். அன்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். முதல் நாள் ஓ.பி. சீட்டின் நகலை வைத்து எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டேன். எக்ஸ்ரேவில் எலும்பு போனது தெளிவாகத் தெரிகிறது.

டாக்டர் 26-ஆம் தேதி வரை லீவு நீட்டியிருக்கிறார். போர்டு அதற்குப் பிறகுதான். கிளை அலுவலகம் போனது எப்படியோ தெரிந்துவிட்டது போல, சூப்பர்வைசர் போன் நின்றுவிட்டது.

நேற்று பக்கத்து மெஷின் பையன் பார்க்க வந்தான். என் பிரஸ்ஸில் புது ஆள் போட்டிருக்கிறார்களாம். பட்டனில் டேப் அப்படியேதான் இருக்கிறதாம்.