வரித் துறைத் தலைவராக இருந்தவர் செனட்டர் ஆனது எப்படி? ஹைடி ஹைட்கேம்ப் பற்றி ஒரு கேள்வி

கணக்கன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு மாநிலத்தில் இருந்துகொண்டு இன்னொரு மாநிலத்து வாடிக்கையாளருக்கு அஞ்சல் வழியே பொருள் விற்பவரிடம் விற்பனை வரி கேட்கலாமா என்பது குறித்துப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்த குவில் வழக்கு கண்ணில் பட்டது. வழக்கின் முழுத் தலைப்பில், வடக்கு டகோட்டா மாநிலத்தின் சார்பில் நிற்பவர் ‘வரி ஆணையர் ஹைட்கேம்ப்’ என்று இருக்கிறது. 2013 முதல் 2019 வரை அதே மாநிலத்தின் செனட்டராக (நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக) இருந்த ஹைடி ஹைட்கேம்பும் இவரும் ஒருவரே என்பது தெரிந்தபோது வியப்பு அடங்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரை வரி ஆணையர் என்பவர் அரசு நியமிக்கும் அதிகாரி. அவருடைய கடிதம் வந்தால் கடைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்ட நாற்காலியில் இருந்தவரை மக்கள் விரும்பி வாக்களித்துத் தலைநகருக்கு அனுப்பியது எப்படி? வழக்கில் மாநிலம் தோற்றும் போயிருக்கிறது. அந்தத் தோல்வி அவருடைய அரசியலைப் பாதிக்கவில்லையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வடதிசை

வரி ஆணையராக இருந்து செனட்டர் ஆனவர் ஒருவர் அல்லர் நண்பரே, மூவர்! அதுவும் அடுத்தடுத்து அதே நாற்காலியில் அமர்ந்த மூவர்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. வடக்கு டகோட்டாவில் வரி ஆணையர் பதவி, மாநிலம் முழுவதும் மக்கள் வாக்களித்து நிரப்பும் பதவி. 1990-இல் கூட அந்த மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 6,40,000 தான். அவ்வளவு சிறிய மாநிலத்தில் மாநில அளவிலான தேர்தலில் ஒருமுறை நின்றவரின் பெயர், வேறு பதவிக்கு அவர் நிற்கும்போது யாருக்கும் புதிதாக இருக்காது.

வரிசையில் முதலாமவர் பைரன் டார்கன். ரீஜென்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1969-இல் ஆளுநர் வில்லியம் கை அவரை வரி ஆணையராக நியமித்தபோது அவருக்கு வயது 26. பின்பு தேர்தலில் நின்று வென்று, 1980 வரை அப்பொறுப்பில் இருந்தார். இடையில் 1974-இல் பிரதிநிதிகள் அவைக்குப் (கீழவைக்கு) போட்டியிட்டுத் தோற்று, 1980-இல் வென்று வாஷிங்டன் சென்றார். அவருக்கு உதவியாளராக இருந்த கென்ட் கான்ராட் அடுத்த வரி ஆணையரானார்; 1986-இல் செனட் தேர்தலில் அப்போதைய செனட்டர் மார்க் ஆண்ட்ரூஸை 2,100-க்குச் சற்று மேற்பட்ட வாக்குகளில் வீழ்த்தினார். கான்ராடின் அலுவலகத்தில் வழக்கறிஞராகப் பணிபுரிந்த ஹைட்கேம்ப், அவர் விட்டுச் சென்ற ஆணையர் பதவிக்கு வந்தார். 2012-இல் அவர் வென்றதும் கான்ராட் ஓய்வுபெற்றதால் காலியான அதே செனட் இடத்தைத்தான். ஆக, ஒரே மனிதரின் இரண்டு நாற்காலிகளில் இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் அமர்ந்தவர் அவர்.

வரி வசூலிப்பவரை மக்கள் எப்படி விரும்பினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். என் கருத்து இது: அந்த மாநிலத்தில் வரி ஆணையரின் முகம் உள்ளூர்க் குடிமகனை நோக்கித் திரும்பியிருந்ததைவிட, வெளியூர் நிறுவனங்களை நோக்கித் திரும்பியிருந்ததே அதிகம். கோதுமைக்கு மினியாபோலிஸ் நகர வணிகர்கள் வைத்ததுதான் விலை, அதை ஏற்றிச் செல்ல இரயில் நிறுவனங்கள் கேட்டதுதான் கூலி என்ற மனக்குறை அங்கே மிகப் பழையது. அந்தக் கோபத்தில் எழுந்த கட்சிசார்பற்றோர் கூட்டமைப்பு, 1919-இல் அரசுடைமை வங்கி ஒன்றையே நிறுவியது. அவ்வங்கி இன்றும் இயங்குகிறது. அதே கூட்டமைப்பு 1956-இல் மாநில ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. நாம் பேசும் மூவரும் அந்தக் கட்சியினர். 1975-இல் நிலக்கரிக்குப் பிரித்தெடுப்பு வரி வந்தது. 1980 நவம்பரில் எண்ணெய் எடுப்புக்கு 6.5 விழுக்காடு வரியை மக்களே நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். நம் மண்ணிலிருந்து அள்ளிச் செல்பவர் நமக்கு உரியதை வைத்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கும் ஊரில், அதைக் கேட்டு வாங்குபவர் எப்படி வில்லனாவார்?

வழக்குரை

வழக்கைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் ஹைட்கேம்பின் பொதுவாழ்வு முழுவதையும் அது பின்தொடர்ந்திருக்கிறது.

1967-இல் வேறொரு வழக்கில், கடையோ ஆளோ மாநிலத்துக்குள் இல்லாத அஞ்சல்வழி விற்பனையாளரை வரி வசூலித்துத் தருமாறு கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. கடைத்தெருவில் காகிதமும் பேனாவும் விற்பவர் வரி சேர்த்து விற்க வேண்டும். விலைப்பட்டியலை அஞ்சலில் அனுப்பி விற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. வாங்கியவரே தாமாக முன்வந்து ‘பயன்பாட்டு வரி’ செலுத்த வேண்டும் என்பது சட்டம், யார் செலுத்துவார்? வடக்கு டகோட்டா 1987-இல் சட்டத்தைத் திருத்தி, மாநிலத்துக்குள் தொடர்ந்து விளம்பரம் செய்து விற்பவரும் சில்லறை வணிகரே என்றது. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று விளம்பரம் அனுப்பினாலே போதும் என்றன விதிகள். அலுவலகப் பொருள்கள் விற்ற குவில் நிறுவனம் மறுத்தது. மாநிலம் வழக்குத் தொடர்ந்தது.

மாநில உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. வணிகர்களுக்கு மாநிலம் செய்துதரும் வசதிகளுள் ஒன்றாக, குவில் ஆண்டுதோறும் அனுப்பிக் குவித்த 24 டன் விலைப்பட்டியல்களையும் துண்டறிக்கைகளையும் அப்புறப்படுத்தும் வேலையைக்கூட அந்நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. (நீதிபதிகள் குப்பையை எடைபோட்டுப் பார்த்த தீர்ப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) ஆனால் 1992 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மாநிலங்களுக்கிடையிலான வணிகம் பற்றிய அரசமைப்புக் கூறின்படி, வரி கேட்க வேண்டுமானால் விற்பவருக்கு மாநிலத்துக்குள் நேரடி இருப்பு வேண்டும் என்ற பழைய நிலையே தொடரும் என்றது. கூடவே, இதைத் தீர்க்கும் இறுதி அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றும் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார்.

தோல்வி பாதித்ததா என்று கேட்டீர்கள். அதே 1992 நவம்பரில் அவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளூர்க் கடைக்காரர்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது அவருக்கு ஒரு தழும்பாக இருந்ததே தவிர, கறையாக இருக்கவில்லை. பின்னர், நாடாளுமன்றம் தீர்க்கட்டும் என்று நீதிமன்றம் சொன்ன அந்த நாடாளுமன்றத்துக்கே அவர் போய்ச் சேர்ந்தார். சென்ற சில மாதங்களிலேயே, வெளிமாநில விற்பனையாளரிடமும் வரி வசூலிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தரும் மசோதாவை முன்னின்று ஆதரித்தோரில் ஒருவரானார். 2013 மே 6 அன்று செனட் அதை 69-க்கு 27 என்று நிறைவேற்றியது. பிரதிநிதிகள் அவை அதைத் தொடவே இல்லை.

மறுதலை

மேலே எழுதிய இருவரும் நன்றாகவே விளக்கினார்கள். ஆனால், வரி ஆணையர் பதவிக்கே ஏதோ மந்திர ஆற்றல் இருந்ததுபோல் படிப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் ரிக் கிளேபர்க் 2002-இல் பிரதிநிதிகள் அவைக்கு நின்று தோற்றார். ஹைட்கேம்பும் 2000-இல் ஆளுநர் தேர்தலில் ஜான் ஹோவனிடம் தோற்றவர்தான். அந்தப் பரப்புரையின் நடுவில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் செனட்டுக்கு வென்றது 3,000-க்கும் குறைவான வாக்குகளில்.

தற்செயலும் நிறைய வேலை செய்திருக்கிறது. 1986-இல் கான்ராட், நாட்டின் வரவுசெலவுப் பற்றாக்குறை கணிசமாகக் குறையாவிட்டால் மீண்டும் நிற்க மாட்டேன் என்று வாக்களித்திருந்தார். அது குறையவில்லை, 1992-இல் சொன்ன சொல் காத்து ஒதுங்கினார். அந்த இடத்துக்கு டார்கன் நின்றார். செப்டம்பரில் மாநிலத்தின் மற்றொரு செனட்டர் குவென்டின் பர்டிக் காலமானார். அவருடைய மனைவி ஜோஸ்லின் பர்டிக் ஏறத்தாழ மூன்று மாதம் அந்த இடத்தில் இருக்க, டிசம்பர் 4 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் கான்ராட் நின்று வென்றுவிட்டார்! தம் இடத்துக்கு மீண்டும் நிற்பதில்லை என்றவர் பக்கத்து இடத்தில் போய் அமர்ந்தார். சொல் தவறவில்லை என்று வாதிடலாம். நான் அவ்வளவு தாராளமாக மதிப்பெண் தர மாட்டேன். எப்படியோ, அந்த மாதம் முதல் 2011 தொடக்கம் வரை முன்னாள் வரி ஆணையர்கள் இருவரே அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களாக இருந்தார்கள்.

வடதிசை

மறுதலை சொல்வது நியாயம். ஆனாலும் வரி அலுவலகத்தின் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை என்பேன். கான்ராட் செனட்டின் வரவுசெலவுக் குழுத் தலைவராக இருந்தபோது, கையில் விளக்க அட்டை இல்லாமல் பேச எழுந்ததே அரிது. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இடைவெளி இவ்வளவு என்று வரைபடத்தைக் கோலால் சுட்டிக்காட்டும் ஆசிரியரைப் போலத்தான் அவைக்கு அவர் பழக்கமானார். டார்கன் 1999-இல், வங்கித் தொழிலையும் பங்குத் தொழிலையும் பிரித்துவைத்த பழைய தடுப்பை நீக்கும் சட்டத்தை எதிர்த்த எண்மரில் ஒருவர்; 90 பேர் ஆதரித்தார்கள். பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்து இதைச் செய்திருக்கக் கூடாது என்று வருந்துவோம் என அவர் அவையில் எச்சரித்தார். 2008-இல் நிதி நெருக்கடி வந்தது.

கணக்கன்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தீர்ப்பை மறுபடியும் முழுதாகப் படித்தேன். வாடிக்கையாளர்கள் கணினி வழியே விலை பார்த்துக் கொள்முதல் ஆணை அனுப்புவதற்காக குவில் ஒரு மென்பொருளையும் உரிமம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அந்தச் சில பிளாப்பி தட்டுகளின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததே, அது மாநிலத்துக்குள் இருப்பு ஆகாதா என்ற கேள்வியை நீதிமன்றம் ஓர் அடிக்குறிப்பில் எடுத்து, போதாது என்று அங்கேயே முடித்துவிட்டது.

பிறகு 2018 ஜூன் 21 தீர்ப்பையும் எடுத்தேன். பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில், ஐவர் எதிர் நால்வர் என்ற கணக்கில் குவில் தீர்ப்பு ரத்தாகி, நேரடி இருப்பு இல்லாதவரிடமும் வரி கேட்கலாம் என்றாகியிருக்கிறது. ஹைட்கேம்ப் அப்போது செனட்டில் இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான் கெவின் கிரேமரிடம் தோற்றார். வரி கேட்க அப்போது தெற்கு டகோட்டா வைத்த வரம்பு, மாநிலத்துக்குள் ஆண்டுக்கு 1,00,000 டாலர் விற்பனை அல்லது 200 தனித்தனி ஆணைகள். குவில் அன்று வடக்கு டகோட்டாவில் சுமார் 3,000 வாடிக்கையாளருக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது.