எச்-1பியில் டெக்சாஸ்: சின்னப் பிஸ்டலும் பழைய லீவர் ரைபிளும்

கேள்வி: எச்-1பியில் டாலஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது. இடுப்பில் மறைத்து வைக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பிஸ்டலும், சேகரிப்புக்கு ஒரு பழைய லீவர் ரைபிளும் (ட்ரிகரைச் சுற்றியுள்ள பிடியைக் கீழே இழுத்து ஏற்றித் தோட்டா ஏற்றும் வகை) வாங்க ஆசை. இங்கே லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள். எந்த மாடலில் தொடங்கலாம்?

பதில்: மாடல் இருக்கட்டும் தம்பி, முதலில் விசா. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது சரிதான். ஆனால் அது, துப்பாக்கி வைத்துக்கொள்ள ஏற்கெனவே தகுதி உள்ளவருக்கு. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வந்துவிடும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

விசாக்காரர் பெரும்பாலும் பயன்படுத்தும் விதிவிலக்கு வேட்டை லைசென்ஸ். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்தது, காலாவதியாகாதது என்றால் போதும். வேட்டைக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. சிக்கல் தேதியில். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 முதல் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றம். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடுகடத்த முடியும். வாங்குவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

கடையில் 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும். விசா பற்றிய கேள்வி அதிலேயே இருக்கிறது. பொய்யாக எழுதினால் அது தனிக் குற்றம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, ரைபிளுக்கு 18. ஊரில் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடக்கும் வேலை இங்கே இல்லை என்பதால் விதியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பதில்: பிஸ்டல் பற்றி. மறைக்க எளிது என்று ஆகச் சின்னதை வாங்குவதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர் நானூறு கிராம் சொச்சம், ஐந்து தோட்டா. சட்டைப்பைக்கு அருமை, சுடப் பழகுவதற்குக் கொடுமை. 2018-ல் வந்த சிக் சாவர் பி365 அரைக் கிலோ, குழல் 3.1 அங்குலம், அந்த உடம்புக்குள் 9 மி.மீ. தோட்டா மேகசினில் 10, அறையில் (குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) 1. இதன் வரவுக்குப் பிறகுதான் மற்றவர்களும் இந்த அளவில் போட்டிக்கு வந்தார்கள். கிளாக் 19 இன்னும் தடிமன், 15 தோட்டா. கை முழுதாகப் பிடிக்க இடம் இருப்பதால் பழகுவதற்கு அதுதான் நல்லது.

சின்னதில் மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) முழுதாகப் பின்னால் போகாது, வெற்றுக்கூடு வாயிலில் சிக்கி நிற்கும். அது துப்பாக்கியின் கோளாறு இல்லை, பிடியின் கோளாறு. எடுத்துச் செல்லப்போகும் தோட்டாவையே 200 ரவுண்டாவது சுட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஒரே தோட்டாவை தினமும் அறையில் ஏற்றி இறக்கினால் குண்டு கூட்டுக்குள் அழுந்திவிடும், சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதை ஏற்ற வேண்டாம்.

ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) ட்ரிகரை முழுதும் மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். விபத்து பெரும்பாலும் உருவும்போது நடப்பதில்லை. திரும்பச் செருகும்போது சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ ட்ரிகரில் மாட்டி வெடிக்கிறது. சட்டையை விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள்.

காலி செய்யும் வரிசை: முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு விரல் விட்டு அறையைத் தொட்டுப் பார்ப்பது. வரிசை மாறினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறையில் ஏறி உட்கார்ந்துவிடும். கிளாக்கைக் கழற்ற ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் அங்கே இந்தத் தவறு சுவரைத் துளைக்கும்.

பதில்: கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ் கட்டாயம் இல்லை என்றாலும் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வது மத்தியச் சட்டப்படி தடை. அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு. கடை வாசலில் 30.05, 30.06 என்ற எண்களைத் தேடுங்கள், துப்பாக்கியோடு நுழையாதே என்ற அறிவிப்பு அவை: முன்னது லைசென்ஸ் இல்லாதவருக்கு, பின்னது லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பவருக்கு. சிவப்பில் 51% என்று போட்ட மதுக்கடைக்குள் துப்பாக்கியோடு போகவே கூடாது. வீட்டில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், பிள்ளை கைக்குத் துப்பாக்கி கிடைத்தால் குற்றம் உங்கள் மேல் வரலாம். எச்-4 மனைவிக்கு அந்தப் பெட்டியின் எண் தெரிந்திருப்பதே ‘வைத்திருத்தல்’ ஆகலாம், கவனம்.

கேட்டவர்: நன்றி அண்ணா. லைசென்ஸ் விஷயம் முடித்துவிட்டே வருகிறேன். லீவர் ரைபிள்?

பதில்: அங்கேதான் சுகமே. வின்செஸ்டர் 1894, ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 70 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆகவே பழையது என்பதாலேயே அரியது ஆகாது. 1964-ல் செலவைக் குறைக்க உட்பாகங்களை மாற்றினார்கள். அதற்கு முந்தியதைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். வரிசை எண் 27 லட்சத்துக்குக் கீழா என்று பாருங்கள். இன்னொரு லீவர் ரைபிள் கம்பெனியான மார்லின் என்றால், குழலில் ஜேஎம் முத்திரை உள்ள பழையதைத் தேடுங்கள். 2007-ல் ரெமிங்டன் வாங்கி, ஆலையை மாற்றியபின் தரம் சரிந்தது. 2020 திவாலுக்குப் பின் ரூகர் கைக்குப் போய்த் தேறிவிட்டது. ரூகர் செய்தவற்றின் வரிசை எண் ஆர்எம் என்று தொடங்கும்.

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். மறுபடி நீலப்பூச்சு ஏற்றியிருந்தால் சேகரிப்பு மதிப்பு பாதாளம். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், திருகுத் தலை சிதைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். குழலுக்குள் வெளிச்சம் அடித்து அரிப்பைப் பாருங்கள். துப்பாக்கியின் சுத்தியலைப் (ஹேமர்) பாதி இழுத்து நிறுத்தி விரலால் தள்ளுங்கள் (அறை காலி என்று உறுதி செய்த பிறகு). விழுந்தால் வேண்டாம், பழையவற்றில் அதுதான் பாதுகாப்புப் பூட்டு.

நீளக் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும். கூர்முனைக் குண்டு முன்னால் இருப்பதன் ப்ரைமரை (தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பிடிக்கும் பகுதி) குத்தி உள்ளேயே வெடிக்கலாம். இந்த ரைபிள்களின் வழக்கமான .30-30 தோட்டாவுக்குத் தட்டைமுனை, அல்லது இதற்கென்றே செய்த மென்முனை மட்டும். மார்லினில் லீவர் நடுவில் இறுகினால் பலம் காட்டாதீர்கள். தேய்ந்த கேரியருக்கு (தோட்டாவை அறைக்குத் தூக்கிக் கொடுக்கும் பாகம்) அடியில் தோட்டா நழுவியிருக்கும், துப்பாக்கி மெக்கானிக் வேலை அது.

1898 வரை தயாரானவை மத்தியச் சட்டத்தில் ‘ஆன்டிக்’, 4473 தேவையில்லை. பழைய வின்செஸ்டர்கள் பலவற்றின் ஆலைப் பதிவேடு வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், ரைபிள் எந்த வடிவில் ஆலையை விட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள். விற்பவர் சொல்லும் கௌபாய் கதைக்குப் பணம் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள்.

பதில்: ஒன்று விட்டுப்போச்சு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமானநிலைய எக்ஸ்ரேயில் தெரியும். 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட்டோடு அலைச்சல்.