மலைக்காட்டில் காட்டுயிர் காண வழிகாட்டியுடன் பயணம்: பிப்ரவரியில் எங்கே செல்லலாம்?

அடையாறு வாசகி:
வணக்கம். நானும் என் கணவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். கிண்டி தேசியப் பூங்காவிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் பறவை பார்த்துப் பழகியிருக்கிறோம். அடுத்ததாக மேற்குத் தொடர்ச்சி மலையில், காடு எப்படி இயங்குகிறது என்பதை விளக்கத் தெரிந்த ஒருவருடன் மூன்று நான்கு நாட்கள் தங்க விரும்புகிறோம். ஜீப்பில் ஏற்றி, யானையைக் காட்டி, இறக்கிவிடும் பயணம் வேண்டாம். பிப்ரவரியில்தான் விடுப்பு கிடைக்கும். எங்கே செல்லலாம்? வழிகாட்டி விஷயம் தெரிந்தவர்தானா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் எப்படி அறிவது?

மடிப்பாக்கம் வாசகர்:
அம்மா, உங்கள் நோக்கத்துக்கு வால்பாறைதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதன் அருகே, பல நாட்களில் வரையாடுகளைப் பேருந்திலிருந்தே பார்த்துவிடலாம். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காடு துண்டு துண்டாக எஞ்சியிருப்பதால், காடு துண்டாடப்பட்டால் அதை நம்பி வாழும் உயிர்கள் என்ன செய்கின்றன என்பதைச் சாலையோரத்தில் நின்றே கற்கலாம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வண்டிகளில் அடிபடாமல் கடப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி, பெரிய அலகுடைய இருவாச்சிப் பறவை கூட்டில் இருக்கும் காலமும்கூட. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டு வாயிலை எச்சம் முதலியவற்றால் அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை அத்திப் பழங்களை விழுங்கி வந்து, பொந்தின் விளிம்பைப் பற்றி நின்று, ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து ஊட்டும். அருகில் ஆட்கள் நின்றால் அது நெருங்கத் தயங்கும். உள்ளே இருப்பவைதாம் பட்டினி கிடக்கும். ஆகவே கூட்டு மரத்தின் அடியிலேயே நிறுத்திப் படம் எடுக்க வைப்பதாகச் சொல்பவரிடம் போகவே வேண்டாம். மற்றவர்களிடம், இந்த மாதம் அங்கே எந்த மரம் பழுத்திருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். நாள்தோறும் காட்டோரம் நடப்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

தாம்பரம் வாசகர்:
முந்தைய பதிலில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பிப்ரவரியில் புல்வெளியும் இலையுதிர் காடும் காயத் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சென்னையிலிருந்து மலையேறச் சென்றவர்களும் இருந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களுடன் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டுகிறார்கள். அந்தத் தடங்களும் தீ அபாயக் காலத்தில் மூடப்படும். அந்த நாட்களில் 'தெரிந்த ஆள் இருக்கிறார், உள்ளே விட்டுவிடுவார்' என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விடுப்பை டிசம்பருக்கு மாற்ற முடிந்தால் அதுவே நல்லது.

மடிப்பாக்கம் வாசகர்:
வனத்துக்குள் நடப்பதைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. நான் சொன்னவை பொதுச்சாலையிலிருந்தே காணக்கூடியவை. ஆனாலும் வால்பாறையில் பொழுது சாய்ந்த பின் நடக்கக் கூடாது. தேயிலைக்குள் யானை நிற்பது தெரியாது. யானை அருகில் இருப்பதை அறிவிக்கும் சிவப்பு விளக்குகளை அங்கே வைத்திருக்கிறார்கள். விளக்கு எரியும்போதும் 'பரவாயில்லை, வாருங்கள்' என்று அழைப்பவர் வழிகாட்டியே அல்லர்.

அடையாறு வாசகி:
இருவருக்கும் நன்றி. டிசம்பருக்கு முயல்கிறேன், கிடைக்காவிட்டால் சாலையோரம் மட்டும். எங்களிடம் உள்ள 10×25 பைனாகுலர் போதுமா?

தாம்பரம் வாசகர்:
சோலைக்குள் நண்பகலிலும் இருட்டாக இருக்கும். அதில் வரும் ஒளி அங்கே போதாது. 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. அகல முன்வில்லை கொண்டது) கடன் வாங்கியாவது எடுத்துச் செல்லுங்கள். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கப் போடும் காலுறையை டிசம்பரிலும் மறக்க வேண்டாம். சென்ட்ரலிலிருந்து பாலக்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் பொள்ளாச்சியிலேயே இறங்கலாம்.