வீட்டு லோன்: அரச வங்கியா, பினான்ஸ் கம்பனியா?

கல்லடி ரீச்சர்:
வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் 14 பேர்ச் காணியோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 15 வருடத்துக்கு 50 இலட்சம் கடன் தேவை. அரச வங்கியில் 12 வீதம் என்கிறார்கள், கடதாசி கேட்டே களைக்க வைக்கிறார்கள். ஒரு பினான்ஸ் கம்பனித் தம்பி வீட்டுக்கே வந்து, "9 வீதம்தான், இரண்டு கிழமையில் காசு" என்கிறார். யாரை நம்புவது? விற்கிற அக்காவுக்கு அது சீதனமாக வந்த வீடு.

பழைய லோன் ஒபிசர்:
ரீச்சர், அந்தத் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 9 வீதம் பிளாட்டா, குறைந்து போகும் மீதிக்கா? பிளாட் என்றால் கடைசி மாதம்வரை முழு 50 இலட்சத்துக்கும் வட்டி ஓடும். மாதத் தவணை 65,000 தாண்டும். வங்கியின் 12 வீதம் மீதிக்கு மட்டும் என்றால் ஏறக்குறைய 60,000. சின்ன வீதத்துக்குப் பெரிய தவணை! ஆகவே வீதத்தைக் கேட்காதீர்கள், தவணை அட்டவணையை அச்சில் கேளுங்கள். அதைத் தர இழுத்தடிக்கிற இடம் எனக்குச் சரிவராது.

மறுகா, வட்டி மாறுமா, எதை வைத்து மாறும் என்று கடிதத்தில் எழுதி இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையானதை) ஒரே நாளில் 7 வீதப் புள்ளியால் ஏற்றியது. மாறும் வட்டியில் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முந்திக் கட்டி முடித்தால் என்ன அறவிடுவார்கள் என்பதையும் விடாதீர்கள்.

கடதாசி கேட்பதைக் குறையாக எடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தாய் மகளுக்கு வீட்டை எழுதும்போது தன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அதை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்வது வழக்கம். அந்த அம்மா இன்னும் இருந்தால் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும். நன்கொடை உறுதி (தானமாக எழுதிய பத்திரம்) என்றால் நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதுகிற சட்டத்தரணி, அதைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்ப்பார். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளையும் தேடுவார்கள். அதெல்லாம் உங்களுக்கும் காவல்தான். இரண்டு கிழமையில் காசு தருகிறவர் இதில் எதைத் தாண்டிப் போகிறார் என்று யோசியுங்கள்.

களுவாஞ்சிகுடி மருமகன்:
ஐயா சொல்வது சரி, ஆனால் வங்கியையும் கோயிலாக்க வேண்டாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, தவணை தவறினால் சில கடன்களில் வங்கி வழக்குப் போடாமலே ஈடு வைத்த வீட்டை ஏலம் போடலாம். உங்கள் கடனுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். ஆகவே கட்டக்கூடிய தவணைதான் எடுக்க வேண்டும், அவர்கள் தரக்கூடியது அல்ல. பினான்ஸ் கம்பனி என்றால், மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற கம்பனிகளின் பட்டியல் இருக்கிறது. பெயரை எழுத்து எழுத்தாய் ஒப்பிடுங்கள். உங்கள் கிரிப் (CRIB, கடன் தகவல் பணியகம்) அறிக்கையையும் முந்தி எடுத்துப் பாருங்கள், பழைய லீசிங் ஒன்று மூடாமல் கிடந்தால் அங்கே தெரியும்.

கல்லடி ரீச்சர்:
நன்றி ஐயா, நன்றி தம்பி. போன் பண்ணிக் கேட்டேன்: பிளாட்தானாம். அட்டவணை "கையெழுத்து வைக்கிற அன்று" தருவாராம்! உறுதியையும் பார்த்தேன், அம்மாவுக்குச் சீவிய உரித்து இருக்கிறது. அவர் கனடாவில். அங்கிருந்து எப்படிக் கையெழுத்து எடுப்பது?

பழைய லோன் ஒபிசர்:
அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பலாம். ஆனால் அதன் வாசகத்தை இங்கே உள்ள நொத்தாரிசு எழுதட்டும், வங்கி லோயருக்கும் முதலே காட்டுங்கள். அதுவரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.