பொதுச் சந்தா டேட்டாபேஸ்: உங்கள் நூலகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

குறிப்புதவி மேசை:
மாவட்டப் பொது நூலகங்கள் எல்லாம் சேர்ந்து இணைய ஆய்விதழ் டேட்டாபேஸ்களுக்கு ஒரே சந்தா வாங்குவது பற்றித்தான் இப்போது எங்கும் பேச்சு. அதனால் முன்கதை வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மைய நூலகத்துக்கு ஒரு ஆய்விதழ்த் தொகுப்பு சோதனைச் சந்தாவாக வந்திருந்தது. அரசுக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த பெண் ஒருத்தி வந்தாள். படிக்கிற காலத்தில் கல்லூரி லாகின் வழியாகப் பார்த்த கட்டுரை அவளுக்குத் திரும்ப வேண்டும். படிப்பு முடிந்ததும் லாகின் போய்விட்டது. பி.எச்டி. விண்ணப்பத்துக்கு ஆய்வுச் சுருக்கம் எழுத அது இல்லாமல் முடியாது என்றாள். திறந்து கொடுத்தேன். பிரின்ட் கேட்கவில்லை, நோட்டில் கையாலேயே எழுதிக்கொண்டாள். மூடும் நேரம் வந்தபோது, "இதுவரைக்கும் வந்திருக்கேன் மேடம், நாளைக்கு மீதி" என்று பக்க எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் சோதனைக் காலம் முடிந்திருந்தது. திரையில் கட்டுரையின் முதல் பத்தி, அதற்குக் கீழே டாலரில் ஒரு விலை. போனை எடுத்து அதை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் நோட்டை மூடி வைத்தாள். அந்த விலையை அவள் இரண்டு தடவை கணக்குப் போட்டதுதான் எனக்கு இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆய்விதழ்களை மொத்தமாக வாங்கித் தரும் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். பட்டம் வாங்கி வெளியே வந்தவர்கள் எங்களிடம்தானே வருவார்கள்?

உதவிபெறும் கல்லூரி நூலகர்:
மேடம் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது. நாங்கள் சில கல்லூரிகளும் பக்கத்து மாவட்டப் பொது நூலகங்களும் சேர்ந்து ஒரு தொகுப்புக்கு விலை கேட்டோம். நிறுவனத்துப் பிரதிநிதி லேப்டாப்பில் விலை போடும் அட்டவணையைத் திறந்து, "முழுநேர மாணவர் எண்ணிக்கை எவ்வளவு சார்?" என்றார். கல்லூரிகள் சொன்னோம். பொது நூலகத்துக்கு என்ன சொல்வது? கொஞ்சம் யோசித்தவர், மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையை மாணவர் எண்ணிக்கைக் கட்டத்தில் அடித்தார். விலை வரவேண்டிய கட்டத்தில் எண்ணே வரவில்லை, இடம் போதாமல் வெறும் குறிகளாக நின்றது. அவர் கட்டத்தை இழுத்து அகலப்படுத்தினார். அகலப்படுத்தியபின் வந்த தொகையைப் பார்த்து பொது நூலகத்து சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூட்டம் அதோடு சரி.

கல்லூரிகள் ஏன் தப்பித்தோம் என்றால், கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டமான என்-லிஸ்ட் இருந்ததால். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் மொத்தமாகப் பேசி வாங்கியதால்தான் எங்களைப் போன்ற கல்லூரி ஆண்டுக்கு 5,900 ரூபாய் கட்டி 6,000க்கும் மேற்பட்ட இதழ்களைப் பார்க்க முடிந்தது. பேரத்தை ஒரே கையில் கொடுங்கள், விலை தானாக இறங்கும். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணினிப் பிரிவு:
மற்றதெல்லாம் பிறகு என்று விட முடியாது சார். பதிப்பகம் நம்மை அடையாளம் கண்டு திறந்துவிடுவது ஐபியை, அதாவது இணைய இணைப்பின் எண்ணை வைத்துத்தான். கல்லூரிக்கு நிலையான ஐபி இருக்கும். கிளை நூலகத்தில் இருப்பது வீட்டுக்குப் போடுகிற அதே பிராட்பேண்ட். கரண்ட் போய் வந்தால் மோடம் வேறு ஐபியோடு எழுந்திருக்கும். பதிப்பகத்தாரின் பட்டியலில் பழைய ஐபி. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று.

ஒரு கிளையில் நூலகர் அக்கா ஒருவர் தினமும் காலையில் நூலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக அன்றைய ஐபியைப் பார்த்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி எனக்கு போனில் சொல்வார். நான் அதை நிறுவனத்துக்கு அனுப்புவேன். அவர்கள் மாற்றி முடிப்பதற்குள் அங்கே மறுபடி மின்வெட்டு. ஒருநாள் நேரில் போனபோது அந்தத் தாள்களை கிளிப் போட்டு அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். அந்தக் காலகட்டம் முழுக்க அவர் நூலகத்தில் ஒரு வாசகர்கூட ஒரு கட்டுரையையும் முழுதாகப் பார்த்திருக்கமாட்டார். நிலையான ஐபிக்குத் தனிக் கட்டணம் கேட்டோம், அது எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராது என்று கோப்பு திரும்பிவிட்டது. சந்தாத் தொகைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லாத பணம்.

கூட்டக்குறிப்பு எழுதியவர்:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கல்லூரி சாரோடுதான் எனக்குச் சண்டை. விலையை இறக்குவது முதல் வருடத்துக்கான கதை. திட்டம் சாவது இரண்டாவது வருடத்தில், புதுப்பிக்கும் கூட்டத்தில்.

அப்படி ஒரு கூட்டத்தில் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தேன். பயன்பாட்டு அறிக்கையைத் திரையில் போட்டார்கள். பெரிய ஊர்களில் எண் நன்றாக இருந்தது. சின்ன மாவட்டங்களுக்கு நேரே பூஜ்ஜியமும் ஒற்றை இலக்கமும்தான். "இவர்களுக்குத் தேவையில்லை போலிருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று மேசையில் ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நான் கையில் வைத்திருந்த காகிதக் கட்டுக்குள் அதே அறிக்கையின் இன்னொரு தாள் இருந்தது. பயன்பாட்டைக் கணக்கிடப் பதிப்பகங்கள் பின்பற்றும் பொது முறையான கவுன்ட்டர்படி வருகிற அறிக்கையில் மறுக்கப்பட்ட முயற்சிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சந்தா இல்லாததால் மறுத்தது ஒன்று, ஒரே நேரத்தில் நுழையலாம் என்ற எண்ணிக்கை தாண்டியதால் மறுத்தது இன்னொன்று. நாங்கள் வாங்கியிருந்தது ஒரே நேரத்தில் ஐந்து பேர் நுழையும் உரிமம். அந்த ஐந்து இடத்தையும் நகர நூலகம் காலையிலேயே பிடித்துக்கொள்ளும். சின்ன ஊர்க்காரர்கள் தட்டித் தட்டிப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். எல்லாம் அந்தத் தாளில் இருந்தது.

எழுந்து சொன்னேன். தலைவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மாவட்டங்கள் நீக்கப்பட்டதாக என் கையாலேயே குறிப்பில் எழுதினேன். பேரம் பேசுவதற்கு முன் என்ன எண்ணை வைத்து வெற்றி தோல்வியைச் சொல்லப்போகிறோம் என்பதை எழுதி வையுங்கள் சார். ஒரு பதிவிறக்கத்துக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் பார்த்தால் கிராமம் எப்போதும் தோற்கும்.

கிளை நூலகர்:
தணிக்கை அனுபவம் யாருக்கும் இல்லையா? தணிக்கைக்கு வந்தவர் சந்தா ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, இதற்கு இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் என்ன என்று கேட்டார். இணையத்தில் பார்ப்பது, அலமாரியில் இல்லை என்றேன். "அப்போ ஆண்டு முடிவில் உங்க கையில என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான் அது. பணம் கட்டிய வருடத்து இதழ்களாவது பிறகும் நமக்குத் திறக்குமா என்று ஒப்பந்தத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு வரியே இல்லை. அவர் எழுதிய தணிக்கைத் தடை இன்னும் தீரவில்லை.

ஓய்வுபெற்ற மாவட்ட நூலகர்:
எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள். என் பங்குக்கு ஒன்று. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி, உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குத் தரவேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948. அந்தச் சட்டம் வந்ததால்தான் அரசு மானியத்தை மட்டும் நம்பாமல் நமக்கென்று ஒரு வருமானம் உண்டானது. ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் நிலுவை கேட்கப் போனேன். கணக்கர் பேரேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்து, "வசூல் ஆகியிருக்கு சார், பாருங்க" என்று விரலால் காட்டினார். தொகை சரியாக எழுதியிருந்தது. பணம்தான் வேறு செலவுக்குப் போயிருந்தது. அவர் மறைக்கவே இல்லை, அதனால் என்னால் கோபப்படவும் முடியவில்லை.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், திட்டம் போடுகிறவர்களுக்கு உதவும். நூலக வரியை மட்டும் நம்பி ஆண்டுச் சந்தாவில் கையெழுத்துப் போடாதீர்கள். வரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, பதிப்பகத்தான் தேதிக்குக் கேட்பான். மாநில அளவில் தனி நிதி ஒதுக்கீடு ஒன்று வேண்டும், மாவட்டப் பங்கு அதன் மேல் சேரட்டும். சந்தா வருடம் ஜனவரியில் தொடங்குகிறது, நம் நிதியாண்டு ஏப்ரலில். இதைச் சரிசெய்யாமல் போனால் மார்ச் கடைசியில் பணம் திரும்பிப்போகும், அல்லது அவசரத்தில் வேண்டாததை வாங்குவோம். முதல் ஒப்பந்தத்தையே ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கேளுங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள். டாலர் விலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். கோப்பு மேசை மேசையாகப் போய் வருவதற்குள் விலைப்புள்ளியின் காலமும் முடியும், டாலரும் ஏறும். ரூபாயில், வரி உட்பட, மூன்று வருடத்துக்கு, ஆண்டு உயர்வுக்கு ஒரு உச்சவரம்போடு எழுதி வாங்குங்கள். நிதி வெட்டு வந்தால் அபராதமில்லாமல் விலகும் உரிமை வேண்டும். கிளை நூலகர் அம்மா கேட்டாரே, பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் பின்னாலும் திறக்க வேண்டும் என்று, அதையும் எழுத்தில் வாங்குங்கள். பொது நூலகங்களுக்கு உதவும் மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் நிதி பெரும்பாலும் புத்தகம், கட்டடம், கருவிகளுக்குத்தான் வந்து பழக்கம். கணினி, இணைப்புச் செலவை அந்தப் பக்கம் தள்ள முடியுமா என்று பாருங்கள், சந்தாவுக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1995-ல் கலிலியோ என்று ஒரு பொதுத் திட்டத்தைப் பல்கலைக்கழக நூலகங்களில் தொடங்கி, அப்புறம் பொது நூலகம், பள்ளி என்று விரித்துக்கொண்டே போனது. நாமும் கல்லூரிகளோடு சேர்ந்து பேசுவதுதான் வழி. தனியாகப் போனால் அந்த லேப்டாப் கட்டம் மறுபடியும் வரும்.

பழைய நூல் தேடுபவன்:
நான் நூலகர் இல்லை, வாசகன். ஐயா சொன்னதெல்லாம் வாங்குவதைப் பற்றியே இருக்கிறது. எல்லோரும் வாங்கத்தான் பார்க்கிறீர்கள், நம்மிடம் இருப்பதை யார் தேடக்கூடியதாக ஆக்குவது?

எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். பழைய சித்த மருத்துவ நூல் ஒன்றின் பெயரைச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நூலகருக்குத் தெரியவில்லை. நான் போனில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து தேடினேன். நூல் இருந்தது, இலவசம். ஆனால் உள்ளே ஒரு சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படவில்லை. பக்கங்கள் படமாக இருக்கின்றன, அதுவும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய 'ணை'யும் 'லை'யும் இருக்கும் பக்கத்தில் நானே தடுமாறினேன். அவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் பெரிதாக்கி, தடையே இல்லாமல் உரக்கப் படித்துக்கொண்டு போனார். வேண்டிய பாட்டைக் கண்டுபிடித்ததும் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். பக்கத்து மேசையில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாட்டுவாரியாகப் பொருளடக்கம், தலைப்புச் சொற்கள், சரியான பட்டியல். இதற்கு ஆளும் கூலியும் வேண்டும். பதிப்பகத்துக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போனால் அந்த வேலை யாருடைய சந்தாவும் முடிந்து மூடிப்போகாது. ஆங்கில ஆய்விதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

குறிப்புதவி மேசை:
தம்பி, இரண்டும் வேண்டும். எனக்கு வந்த பெண்ணுக்கு ஆங்கிலக் கட்டுரைதான் தேவை. உங்கள் ஆசிரியருக்குத் தமிழ் நூல். பொது நூலகத்தில் யார் வருவார் என்று நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் உங்கள் பேச்சை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப்போகிறேன், நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லி.

உதவிபெறும் கல்லூரி நூலகர்:
பயன்பாட்டுக் கணக்கு விஷயத்தில் குறிப்பு எழுதியவர் சொன்னது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் விலை இறங்காமல் நுழைவு எண்ணிக்கையை ஐந்திலிருந்து கூட்ட முடியாது. அதனால் பேரம்தான் முதல் என்பதில் நான் மாறவில்லை.

கணினிப் பிரிவு:
ஐபி பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கிறது. நூலக உறுப்பினர் எண்ணையே லாகினாக வைத்து, நடுவில் ஒரு பிராக்சி சர்வர், அதாவது வாசகர் எங்கிருந்து வந்தாலும் நூலகத்தின் ஒரே ஐபியாகக் காட்டும் கணினி, போட்டால் போதும். கரண்ட் போனாலும் கவலையில்லை, வீட்டிலிருந்தும் பார்க்கலாம். மறுக்கப்பட்டவர் எந்த ஊர் என்பதும் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் பல கிளைகளில் உறுப்பினர் பதிவு இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றாமல் எந்த லாகினும் கொடுக்க முடியாது. அந்தப் பதிவேற்றும் கூலியை உங்கள் மாவட்டத் திட்ட மதிப்பீட்டில் யாராவது சேர்த்திருந்தால் எந்தத் தலைப்பில் காட்டினீர்கள் என்று இங்கே எழுதுங்கள். இந்த வாரமே எங்கள் கோப்பு மேலே போகிறது.